டிஜிட்டல் அச்சுத் துணியின் தரம் பார்த்தல்: பருத்தி, பட்டு, ரெயான்

டிஜிட்டல் அச்சுத் துணியில் கண் முதலில் போவது படத்தின் மேல்தான். கோடு தெளிவாக இருக்கிறதா, நிறம் பளிச்சென்று இருக்கிறதா என்று பார்த்தே பெரும்பாலும் விலை பேசப்படுகிறது. இயந்திரம் ஒழுங்காக ஓடினால் படம் தெளிவாகத்தான் விழும். இன்றைய பிரிண்ட் ஹெட்டுகளுக்கு அது பெரிய வேலையே அல்ல. துணியின் ஆயுளைத் தீர்மானிப்பவை கண்ணுக்குத் தெரியாத இரண்டு வேலைகள். ஒன்று, அச்சுக்கு முன் துணியில் ஏற்றப்படும் மருந்துக் கரைசல். மற்றொன்று, அச்சுக்குப் பின் கொடுக்கப்படும் நீராவியும் அலசலும். இவற்றில் குறை வைத்த துணியும் காய்ந்த நிலையில் நல்ல துணிபோலவே மடிந்து கிடக்கும். தண்ணீர் பட்ட பிறகுதான் உண்மை வெளிவரும். பருத்தி, பட்டு, ரெயான் ஆகிய மூன்றின் அச்சையும் ஈரத்தில் சோதிக்காமல் மதிப்பிடவே கூடாது.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு வாங்கும் துணி என்றால் இந்த எச்சரிக்கை இன்னும் கடுமையாகப் பொருந்தும். ஏரியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்களின் சேலை மணிக்கணக்கில் உவர்நீரில் ஊறுகிறது. மீன் கூடை சுமப்பவர்களின் தோளில் ஐஸ் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கிறது. வலை இழுப்பவரின் கைலியில் வியர்வையும் உப்பும் சேர்ந்து காய்கின்றன. ஏரி நீரின் உப்பும் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று நீர் கலந்து குறையும். முகத்துவாரம் அடைபட்ட கோடையில் கடலைவிட மிகுவதும் உண்டு. துவைப்பதற்குக் கிடைப்பதும் பல இடங்களில் உவர்ப்பான கடின நீர்தான். உப்பு, வியர்வை, நேர் வெயில், கடின நீர் ஆகிய நான்கையும் ஒரே நாளில் சந்திக்கும் துணிக்கு, குளிரூட்டிய கடையில் தொங்கும் துணிக்கான அளவுகோல் போதாது.

இந்தக் கரைக்குத் துணியின் சாயத்தைச் சோதிப்பது புதிதல்ல. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை வணிகத்தின் தலைமையிடமாகப் பழவேற்காட்டையே வைத்திருந்தது. இங்கிருந்து ஏறிய துணிகளைக் கொடுத்துத்தான் இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கப்பட்டன. பழவேற்காட்டின் பெயர் தாங்கிய கைக்குட்டைகளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோவில் போலச்செய்து நெய்யும் அளவுக்கு அவற்றுக்குச் சந்தை இருந்தது. சோழமண்டலத்தின் எழுத்துத் துணிகள் ஐரோப்பாவை வியக்க வைத்ததற்குக் காரணம் ஓவியம் மட்டுமல்ல. துவைத்தாலும் அந்தச் சிவப்பு போகவில்லை என்பதே பெரிய காரணம். படிகாரத்தால் எழுதிய இடத்தில் மட்டும் சாயவேரின் நிறம் நூலோடு பிணைந்து நின்றது. பிணையாத சாயத்தை அலசியும் வெயிலில் வெளுத்தும் நீக்கினார்கள். டிஜிட்டல் அச்சிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே: சாயம் நூலோடு பிணைந்திருக்கிறதா, மேலே உட்கார்ந்திருக்கிறதா?

இழையும் மையும்

எந்தச் சோதனைக்கும் முன்னால் துணி எது என்று தெரிய வேண்டும். விற்பவர் சொல்லும் பெயரை நம்பி இறங்குவதில் பயனில்லை. ரெயானைப் பருத்தி என்றும், பாலியஸ்டர் கலந்ததைச் சுத்தப் பருத்தி என்றும் விற்பது சந்தையில் அன்றாடம் நடக்கிறது. ஓரத்திலிருந்து சில நூல்களை உருவித் தீயில் காட்டினால் பாதி விடை கிடைத்துவிடும். பருத்தியும் ரெயானும் காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு சுருண்டு, விரலில் நசுங்கும் கரிய மணியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக இறுகும். அதை நசுக்க முடியாது.

பருத்தியையும் ரெயானையும் பிரித்தறியத் தீ உதவாது. ஒரு சாண் நூலை உருவி, அதன் நடுவில் மட்டும் விரல்நுனியால் தண்ணீர் தொட்டு ஈரமாக்கி, இரு முனைகளையும் பிடித்து நிதானமாக இழுக்க வேண்டும். ரெயான் என்றால் ஈரமான இடத்திலேயே பட்டென்று அறும். பருத்தி நூல் காய்ந்த பகுதியில்தான் அறும். ஈரத்தில் பருத்தி வலுப்பெறும் இழை. விஸ்கோஸ் ரெயானோ ஈரத்தில் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. லயோசெல் அந்த அளவுக்கு இழப்பதில்லை. மோடல் இரண்டுக்கும் இடைப்பட்டது. இந்த ஒரு சோதனை துணியை அடையாளம் காட்டுவதோடு, நனைந்துகொண்டே உழைப்பவருக்கு அது தாங்குமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

விஸ்கோஸ், மோடல், லயோசெல் மூன்றும் மரக்கூழைக் கரைத்து மறுபடி இழையாக இழுத்தவை. வேதிப்படி பார்த்தால் பருத்தியைப் போலவே செல்லுலோஸ். தமிழ்நாட்டுக்கு இது அந்நியச் சரக்கல்ல. பவானிக் கரையில் சிறுமுகையில் இயங்கிய சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை மரக்கூழிலிருந்து விஸ்கோஸ் தயாரித்தது. ஈரோட்டுப் பகுதி விசைத்தறிகளில் இன்று ரெயான் துணி பெருமளவில் நெய்யப்படுகிறது. மூங்கில் துணி என்று தனிப் பெயரில், தனி விலையில் விற்பதும் பெரும்பாலும் விஸ்கோஸ்தான். அதைச் சோதிக்க வேறு முறை தேவையில்லை.

அடுத்து மை. செல்லுலோஸ் துணிகளுக்கு ரியாக்டிவ் மை, பட்டுக்கு ஆசிட் மை அல்லது ரியாக்டிவ் மை, எந்தத் துணிக்கும் ஒட்டக்கூடிய பிக்மென்ட் மை என மூன்று வகை இங்கே பொருட்படுத்த வேண்டியவை. பாலியஸ்டருக்கான சப்ளிமேஷன் அச்சு பருத்தியிலோ ரெயானிலோ நிற்காது. ரியாக்டிவ் சாயம் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பு கொள்வதால் துணி மென்மையாகவே இருக்கும், பின்பக்கத்திலும் ஓரளவு நிறம் தெரியும். பிக்மென்ட், பைண்டர் என்னும் பசையால் மேற்பரப்பில் பிடித்து வைக்கப்பட்ட நிறத்தூள். அடர்நிறப் பகுதியை விரலால் தடவினால் மெல்லிய படலம் தட்டுப்படும், பின்பக்கம் வெளுத்திருக்கும். பிக்மென்ட் அச்சுக்கு நீராவியும் அலசலும் தேவையில்லை, வெப்பத்தில் பதப்படுத்தினால் போதும் என்பதால் தண்ணீர் மிச்சமாகிறது. வெயிலையும் அது நன்றாகத் தாங்கும். உராய்வில்தான் தோற்கும்: காலர், மடிப்பு, இடுப்புக் கட்டு ஆகிய இடங்களில் சில துவைப்பிலேயே வெளுப்பு தெரியத் தொடங்கும். மேசை விரிப்புக்கும் பைக்கும் பிக்மென்ட் போதும். கட்டிக்கொண்டு உழைக்கும் துணிக்கு ரியாக்டிவ் தவிர வேறொன்றைப் பரிந்துரைப்பது கடினம்.

முன்மருந்தின் தடயங்கள்

திரைஅச்சில் சாயம், பசை, காரம் எல்லாம் ஒரே கூழில் கலந்து துணியில் ஏறுகின்றன. டிஜிட்டல் மையில் அப்படிக் கலக்க முடியாது. பசை நுண்துளைகளை அடைக்கும். காரம் சேர்ந்தால் சாயம் புட்டியிலேயே தண்ணீரோடு வினைபுரிந்து செத்துவிடும். அதனால் சோடியம் ஆல்ஜினேட் பசை, யூரியா, சோடியம் பைகார்பனேட் ஆகியவற்றைத் துணியில் முன்னதாகவே ஏற்றிக் காயவைக்கிறார்கள். ஆல்ஜினேட் மைத்துளி பரவாமல் பிடிக்கும். யூரியா நீராவியின் ஈரத்தை இழுத்து இழையை உப்பச் செய்யும். பைகார்பனேட் காரம் கொடுத்துப் பிணைப்பைத் தொடக்கி வைக்கும். ரெயானின் வெளித்தோல் இறுக்கமானது. அது உப்பிச் சாயத்தை உள்ளே விடுவதற்குப் பருத்தியைவிடக் கூடுதல் யூரியா வேண்டும். பருத்திக்கான கரைசலையே ரெயானுக்கும் ஓட்டும் கூடத்தில் அடர்நிறம் மங்கி, சாம்பல் பூத்ததுபோல வரும்.

முன்மருந்து சீராக ஏறாத துணியைக் கண்டுபிடிக்கப் படம் நிறைந்த பகுதியைப் பார்க்கக் கூடாது. பூவும் கொடியும் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். ஒரே நிறம் விரிந்து கிடக்கும் வெற்றிடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே மேகம்போலத் திட்டுத்திட்டாக ஏற்றஇறக்கம் தெரிந்தால் கரைசல் சீராக ஏறவில்லை, அல்லது துணியின் கஞ்சி முழுமையாக எடுபடவில்லை. மெல்லிய கோட்டின் விளிம்பில் நிறம் நூல்வழியே ரோமம்போல ஓடியிருந்தால் பசை போதவில்லை, அல்லது மருந்தேற்றிய துணி ஈரக்காற்றில் கிடந்திருக்கிறது. யூரியா காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. கடலோர ஊர்களின் மழைக்கால இருப்பில் இந்தக் குறை சகஜம். துணி விறைப்பாக, காகிதம்போலச் சலசலத்தால் பசை முழுவதும் அலசப்படவில்லை. கடின நீரின் கால்சியம் ஆல்ஜினேட்டோடு சேர்ந்து கரையாத கூழாகிவிடும் என்பதால், மென்னீர் வசதி இல்லாத கூடத்துத் துணியில் இந்த விறைப்பு இரண்டு துவைப்புக்குப் பிறகும் போகாது.

கண்ணால் பார்த்தல்

துணியை நேர் வெயிலில் வைத்துப் பார்ப்பது தவறு. ஆய்வகத்தில் டி65 என்னும் பகலொளி விளக்கு பயன்படுகிறது. அது இல்லாதவர்கள் முற்பகலில் வடக்குப் பார்த்த சன்னலோரத்தில், சாம்பல் அல்லது வெள்ளை மேசைமேல் துணியைப் பரப்பிப் பார்க்கலாம். டியூப்லைட்டில் பொருந்திய இரு நிறங்கள் பகலொளியில் பிரிந்து நிற்கக்கூடும். ஆகவே மாதிரியையும் வந்த துணியையும் இரண்டு ஒளியிலும் ஒப்பிட வேண்டும்.

முதலில் ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் பட்டைக்கோடுகள் தெரியும். இவை ஓடும் திசையே இயந்திரத்தின் கதையைச் சொல்லும். ஹெட் அகலவாக்கில் போய்வரும் இயந்திரத்தில் ஒரு நாசில் அடைபட்டால் கோடு ஊடைவாக்கில் விழும். ஹெட்டுகள் அசையாமல் நிற்க, துணி மட்டும் ஓடும் சிங்கிள் பாஸ் இயந்திரத்தில் அதே குறை பாவுவாக்கில், அடைப்பை எடுக்கும்வரை மீட்டர் மீட்டராக நீளும். ஹெட் போய்வரும் இயந்திரத்தில் துணி நகரும் அளவு சற்றுப் பிசகினாலும் ஊடைவாக்கில் வெளிர்ப்பட்டையோ அடர்பட்டையோ விழும். துணியைச் சற்றுச் சாய்த்து, கண் மட்டத்திலிருந்து நீளவாக்கில் பார்த்தால் இவை இன்னும் நன்றாகத் தெரியும்.

பிறகு கைக்கெட்டும் தூரம். கருப்பும் அடர்நீலமும் கலவை நிறங்களால் வந்திருந்தால் பச்சையோ செம்மையோ அடியில் எட்டிப் பார்க்கிறதா, சாம்பல் உண்மையில் சாம்பலாக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நிறச்சமநிலை குலைந்ததைச் சாம்பல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். வெள்ளை நிலம் வெள்ளையாக இருக்கிறதா என்பதும் முக்கியம். அலசும் தொட்டியில் கழன்ற சாயம் மீண்டும் ஒட்டினால் வெள்ளையில் மெல்லிய ரோஜா அல்லது நீலச் சாயல் படியும். அச்சிடாத துணியின் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்தாலொழிய இதைக் கண் பிடிக்காது.

கடைசியாக லென்ஸ். நூல் எண்ணப் பயன்படும் ஓர் அங்குலக் கண்ணாடியே போதும். அதன் கீழ் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அச்சின்போது பஞ்சுத்தூசு படிந்திருந்தது. தூசு பறந்ததும் அந்த இடம் நிறமில்லாமல் நிற்கிறது. முக்கியக் கோட்டுக்கு ஓரமாகச் சிதறிய நுண்துளிகள், ஹெட்டுக்கும் துணிக்கும் இடைவெளி அதிகம் என்பதைக் காட்டும். 600 டிபிஐ, 1200 டிபிஐ என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டியதில்லை. ஓர் அங்குலத்தில் 90 பாவு நூல் ஓடும் துணியில் 600 புள்ளி என்றாலே ஒரு நூலுக்கு ஆறேழு புள்ளி கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் தெளிவைத் தீர்மானிப்பது நூலும் நெசவும்தான். முரட்டுத் துணியில் நுணுக்கமான படத்தைக் கேட்டு வாங்கிவிட்டு அச்சகத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

நிற வேறுபாட்டுக்கு ஒரு பழைய முறை இன்றும் சிறந்தது. இடக்கரை, நடு, வலக்கரை ஆகியவற்றிலிருந்து ஒரே நிறமுள்ள துண்டுகளை வெட்டி, ஒன்றையொன்று தொட்டு நிற்குமாறு தைக்க வேண்டும். சுருளின் தொடக்கத்திலும் முடிவிலும் இதையே செய்ய வேண்டும். தனித்தனியே பார்த்தால் ஒன்றுபோலத் தெரிபவை, தையலில் சேர்ந்ததும் பிரிந்து தெரியும். சட்டையின் இரு முன்பாகமும் இப்படித்தான் பக்கத்துப் பக்கத்தில் வரப்போகின்றன.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது எல்லாத் துணிக்கும் தேவையில்லை. சேலைக்கும் துப்பட்டாவுக்கும் கட்டாயம் தேவை. கைலிக்கு அதைவிடத் தேவை. சாய நூலில் நெய்த கட்டக் கைலிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதமே கிடையாது. எப்படி எடுத்துக் கட்டினாலும் ஒன்றுதான். டிஜிட்டல் அச்சில் விழும் மையின் அளவு குறைவு. தடித்த பருத்தியில் அது பின்பக்கம் வரை இறங்காது. அச்சுக் கைலியைக் குப்பத்தில் விற்க நினைப்பவர் இந்த ஒரு குறையை எளிதாக எடுத்துக்கொண்டால் சரக்கு திரும்பி வரும். மெல்லிய ரெயானிலும் பட்டிலும் இந்தச் சிக்கல் குறைவு. பின்னல் துணியாக இருந்தால் இரு கையாலும் இழுத்துப் பார்க்க வேண்டும். கண்ணிகள் விரியும்போது உள்ளிருக்கும் வெள்ளை பல்லிளித்தால் அச்சு மேலோட்டமானது.

தண்ணீர், உப்பு, வியர்வை

அச்சில் விழும் ரியாக்டிவ் சாயம் முழுவதும் நூலோடு பிணைவதில்லை. ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும். வீணான அந்தச் சாயம் துணியிலேயே தங்கியிருக்கும், நிறமும் காட்டும். குளிர்நீரிலும் பிறகு கொதிநிலைக்கு அருகில் சோப்பு நீரிலும் பலமுறை அலசித்தான் அதை வெளியேற்ற முடியும். அலசலுக்குத் தண்ணீர் செலவு, வெப்பம் செலவு, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு. நொய்யலாற்று மாசு தொடர்பான வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீர் வெளியேற்றமே இல்லாத முறை கட்டாயமாகக் கடைப்பிடிக்கப்பட்டது. ஆற்றுக்கு அது மிக அவசியமான தீர்ப்பு. ஆனால் ஒவ்வொரு லிட்டர் அலசல் நீருக்கும் விலை உண்டு என்றான பின், செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது கடைசி இரண்டு அலசலில்தான். மலிவு விலையில் வரும் ரியாக்டிவ் அச்சைச் சந்தேகத்தோடு பார்க்க இது போதுமான காரணம்.

இதைப் பிடிக்கும் விரைவுச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். வெள்ளைப் பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து அச்சின் அடர்ந்த பகுதிமேல் விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தி, துண்டு காயும்வரை வைக்க வேண்டும். எழும் நீராவி பிணையாத சாயத்தை மேலே இழுத்துக்கொண்டு வந்துவிடும். துண்டு வெள்ளையாகவே இருந்தால் அலசல் நன்று. லேசான சாயல் பொறுக்கத்தக்கது. படம் தலைகீழாகத் துண்டில் பதிந்தால் பேரத்தை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். டர்க்காய்ஸ் நீலம், கருப்பு, அடர்சிவப்பு மூன்றையும் தனித்தனியே சோதிப்பது நல்லது. டர்க்காய்ஸ் சாயத்தின் மூலக்கூறு பெரியது. பிணையாமல் தங்கினால் அலசிக் கழற்றுவதும் கடினம். டிஜிட்டல் மைத்தொகுப்பின் சயான் பலவற்றில் அந்த வகைதான் என்பதால், பச்சையும் கடல்நீலமும் நிறைந்த வடிவங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

துவைப்புக்கு ஆய்வக முறை ஐஎஸ்ஓ 105-சி06. அதன் எளிய வகையில் 10க்கு 4 செ.மீ. துண்டு, ஆறு வகை இழைப்பட்டைகள் கொண்ட வெள்ளை நாடாவோடு தைக்கப்பட்டு, 40 டிகிரி சோப்பு நீரில் 30 நிமிடம் சுழற்றப்படும். நிறம் எவ்வளவு மாறியது, பக்கத்து வெள்ளையில் எவ்வளவு ஒட்டியது என இரண்டும் சாம்பல் அளவுகோலால் 1 முதல் 5 வரை மதிப்பிடப்படும். 5 என்றால் மாற்றமே இல்லை. உடைக்கு நிறமாற்றத்தில் 4, ஒட்டலில் 3–4 என்பது வணிகத்தில் பொதுவாகக் கேட்கப்படும் குறைந்த அளவு. வீட்டில் செய்யும்போது வெள்ளைப் பருத்தித் துண்டோடு சேர்த்துத் தைத்து, ஊரில் துவைக்கும் அதே நீரையும் அதே சோப்பையும் பயன்படுத்த வேண்டும். கோயம்புத்தூர் ஆய்வகத்து மென்னீரில் தேறிய துணி, குப்பத்து ஆழ்குழாய் நீரில் தேறுமா என்பது தனிக் கேள்வி. கடின நீரில் சோப்பு திரிந்து நூலில் படிவதால் சாயம் போகாமலே நிறம் மங்கித் தெரியும். அப்படி மங்கிய துண்டை எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் அலசினால் நிறம் திரும்பும். திரும்பாவிட்டால் போனது சாயமே.

உப்புநீருக்கான ஐஎஸ்ஓ 105-இ02 இந்தக் கரைக்காகவே எழுதப்பட்டதுபோல அமைந்த சோதனை. லிட்டருக்கு 30 கிராம் உப்புக் கரைசலில் துண்டை நனைத்து, வெள்ளைத் துணியோடு இரு தட்டுகளுக்கிடையில் 12.5 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் 37 டிகிரியில் 4 மணி நேரம் வைக்க வேண்டும். 10க்கு 4 செ.மீ. துண்டுக்கு இந்த அழுத்தம் கிட்டத்தட்ட 5 கிலோ எடைக்குச் சமம். ஆகவே அதே அளவுக்கு வெட்டிய இரண்டு கண்ணாடித் துண்டுகளும் ஒரு 5 கிலோ எடையும் இருந்தால், வெயில் நேரத்துத் தகரக்கூரைத் திண்ணையிலேயே இந்தச் சோதனையை ஓரளவு நம்பகமாக நடத்தலாம். பிரித்தபின் துணிகளைத் தனித்தனியே நிழலில் காயவைத்து வெள்ளையைப் பார்க்க வேண்டும். ஈரத்தோடு அப்படியே சேர்த்துக் காயவைத்தால் விடை கெட்டுவிடும். வியர்வைக்கான இ04 சோதனையும் இதே அமைப்புதான். கரைசல் மட்டும் மாறும். அமிலத்தன்மை உள்ளது ஒன்று, காரத்தன்மை உள்ளது ஒன்று என இரண்டிலும் பார்க்க வேண்டும். பட்டில் ஆசிட் மை அச்சிட்டிருந்தால் காரக் கரைசல்தான் கடுமையான பரீட்சை. அந்தச் சாயம் நூலைப் பிடித்திருக்கும் பிடி காரத்தில் தளரும்.

உராய்வுக்கு எக்ஸ்12. 16 மி.மீ. விட்டமுள்ள முனையில் வெள்ளைத் துணியைக் கட்டி, 9 நியூட்டன் விசையில் 10 முறை முன்னும் பின்னும் தேய்ப்பார்கள். ஒருமுறை காய்ந்த துணியால், மறுமுறை நனைந்த துணியால். அடர்நிறங்களில் ஈர உராய்வு 3 கிடைத்தாலே நல்லது. பலரும் 2–3 வரை ஒப்புக்கொள்கிறார்கள். மீன் கூடைக்கும் இடுப்புக்கும் நடுவே நாளெல்லாம் ஈரத்தோடு உரசும் சேலைக்கு அந்தத் தளர்வைக் கொடுக்கக் கூடாது. அடர்நிலம் கொண்ட வடிவத்தைத் தவிர்த்து, வெளிர்நிலத்தில் சிறு வடிவம் போட்டதைத் தேர்ந்தெடுப்பதே நடைமுறையில் சிறந்த வழி.

ரெயானுக்கு மட்டும் இரண்டு கூடுதல் சோதனை உண்டு. ஒன்று சுருக்கம். 50 செ.மீ. சதுரத்தை அழியாத மையால் குறித்து, துவைத்து, சமதளத்தில் காயவைத்து அளக்க வேண்டும். பாவில் 5 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கும் ரெயானில் வட்டமாக அச்சான பூ நீள்வட்டமாகிவிடும். கரை வடிவம் அலையும். மற்றொன்று லயோசெல்லின் மேற்பரப்பு. ஈரத்தில் உரசும்போது அந்த இழையின் தோல் நுண்ணிய சிம்புகளாகப் பிரியும். அடர்நிறத்தின்மேல் அது பனி படர்ந்ததுபோல வெளுப்பாகத் தெரிய, சாயம் போய்விட்டது என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். லென்ஸில் பார்த்தால் நூலின் நிறம் அப்படியே இருக்கும், மேலே மட்டும் சிம்பு நிற்கும். பழுது அச்சில் இல்லை என்பதால் அச்சகத்தோடு வாதிடுவதில் பயனில்லை. சிம்பு எழாதபடி பதப்படுத்திய வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

வெயில்

ஒளித்தாங்கலை ஐஎஸ்ஓ 105-பி02 முறையில் செனான் விளக்கின் கீழ், 1 முதல் 8 வரையுள்ள நீலக் கம்பளி அளவுகோலோடு ஒப்பிடுவார்கள். உடைக்கு 4, திரைச்சீலைக்கு 5 அல்லது 6 கேட்பது வழக்கம். வீட்டில், அச்சுத் துண்டின் பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் போதும். அடர்நிறத்தைவிட வெளிர்நிறத்தை முதலில் பார்க்க வேண்டும். டிஜிட்டல் அச்சில் இளஞ்சிவப்பும் தோல்நிறமும் அரிதாகத் தூவிய துளிகளால் ஆனவை. அவற்றில் சாயம் குறைவு என்பதால் ஒளி அவற்றை விரைவில் தின்றுவிடும். முகங்கள் அச்சான துணியில் உதடும் கன்னமும் முதலில் வெளிறுவது இதனால்தான். வியர்வை ஈரத்தோடு வெயில் படும்போது சில ரியாக்டிவ் சாயங்கள் தனி வெயிலைவிட வேகமாக வெளுக்கும். அதற்கென்று பி07 என்ற தனிச் சோதனை இருக்கிறது. படகில் உடுத்தும் துணிக்கு ஆய்வக அறிக்கை கேட்பவர் பி02ஓடு நிறுத்தாமல் இதையும் கேட்டுப் பெற வேண்டும்.

மாதிரி, ஒப்புதல், வரவு

மொத்தமாக அச்சிடச் சொல்லும் முன் அதே துணியில், அதே இயந்திரத்தில், நீராவியும் அலசலும் முடித்த ஸ்ட்ரைக் ஆஃப் துண்டு ஒரு மீட்டராவது பெற வேண்டும். காகிதத்தில் அச்சிட்டுக் காட்டுவதும் திரையில் காட்டுவதும் மாதிரி ஆகாது. நீராவிக்கு முன் மங்கலாக இருக்கும் ரியாக்டிவ் நிறம், பதப்பட்டு அலசிய பின்தான் தன் உண்மையான அடர்த்திக்கு வரும். இந்தத் துண்டை நான்காக வெட்டி, ஒன்றில் இரு தரப்பும் கையொப்பமிட்டு அச்சகத்திடமே விட வேண்டும். ஒன்றை வாங்குபவர் துவைக்காமல் வைத்துக்கொள்வார், ஒன்றை ஐந்து முறை துவைத்து வைப்பார், நான்காவது சோதனைகளுக்கு. ஆய்வக அறிக்கை வேண்டுமென்றால், 1956இல் தொடங்கிய கோயம்புத்தூர் சிட்ரா ஆய்வகமும், ஜவுளிக் குழுவின் சென்னை ஆய்வகமும் இவற்றைக் கட்டணத்துக்குச் செய்து தருகின்றன. இந்தியாவில் துணிச் சோதனைக்கான சூழல் 27 டிகிரி, 65 விழுக்காடு ஈரப்பதம். பழவேற்காட்டின் காற்றில் ஈரம் பெரும்பாலான நாட்களில் அதைவிட மிகுதி என்பதால், எடையும் அகலமும் பற்றிய சச்சரவை ஆய்வக அளவை வைத்தே தீர்த்துக்கொள்வது நல்லது. ஈரத்தை நன்றாக இழுக்கும் ரெயான் கடலோரத்தில் எடை கூடியே நிற்கும்.

சரக்கு வந்ததும் முழுச் சுருளையும் விரித்துப் பார்க்க முடியாதவர்கள் பத்தில் ஒரு சுருளையாவது முழுமையாக ஓட்டிப் பார்க்க வேண்டும். குறைகளை எண்ணுவதற்கு நான்கு புள்ளி முறை வழக்கில் உள்ளது. 3 அங்குலம் வரையுள்ள குறைக்கு 1, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4 என்று புள்ளியிட்டு, 100 சதுர கெஜத்துக்கு 40 புள்ளிக்கு மேல் போனால் திருப்புவார்கள். நெசவுக் குறைக்காக வந்த கணக்கு இது. சுருள் முழுவதும் ஓடும் நாசில் கோட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது ஒரே குறையானாலும் சுருளே கழிக்கத்தக்கது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். படம் திரும்ப வரும் இடைவெளியையும் நாடா வைத்து அளக்க வேண்டும். துணி சாய்ந்தோ வளைந்தோ அச்சாகியிருந்தால், அகலத்தில் 3 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சாய்வைத் தையல்காரரால் ஈடுசெய்ய முடியாது.

ஒவ்வொரு சுருளின் முனையிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, இஸ்திரிச் சோதனையும் உப்புநீர்ச் சோதனையும் செய்துவிட்டுத்தான் கத்தரியை எடுக்க வேண்டும். வெட்டிய துணியை எந்த அச்சகமும் திரும்ப எடுக்காது. அதே முனையிலிருந்து இன்னொரு துண்டையும் வெட்டித் துவைத்து, ஏற்கெனவே ஐந்து முறை துவைத்து வைத்த மாதிரியோடு ஒப்பிட வேண்டும். மாதிரித் துண்டுகளை பட்டர் காகிதத்தில் சுற்றி, ஈரமும் ஒளியும் படாத தகரப் பெட்டியில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ரெயானிலும் பருத்தியிலும் பூஞ்சணப் புள்ளி எளிதில் விழும் என்பதால், புரட்டாசியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை எடுத்து நிழலில் உலர்த்தி மறுபடி வைப்பது அவசியம்.